எனக்கென்று செய்து வைத்திருந்த பல்செட்டு

என் பல் எல்லாம் என்னுடையவை. கடைவாயில் ஒன்று மட்டும் இல்லை, அதையும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டுதான் எடுக்க விட்டேன். இந்த வயதிலும் முறுக்கைக் கடிக்கிற சத்தம் கேட்டு யாராவது திரும்பிப் பார்த்தால் அடுத்த முறுக்கை இன்னும் பலமாகக் கடிப்பேன். திமிர் என்று சொல்வார்கள். சொல்லிக்கொள்ளட்டும். அந்தத் திமிருக்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. எனக்கு இருபத்து நான்கு வயது. பினாங்குத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்தேன். அப்பா பட்டர்வொர்த் ரயில்வே ஆபீசில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது, அந்தப் பேச்சை அவர் கடைசிவரை விடவில்லை. அக்காவும் நானும் பினாங்குத் தெருவில் பழகிய தமிழைப் பேசினோம். வீட்டில் இரண்டு தமிழும் மோதிக்கொள்ளும், பெரும்பாலும் அப்பாவின் தமிழ்தான் ஜெயிக்கும்.

அப்பாவுக்கு வெள்ளைக்காரத் துரைமார் என்றால் உயிர். அவர்கள் கப்பல் ஏறிப் போய் இருபது வருஷம் ஆகப் போகிறது, எங்கள் வீட்டில் மட்டும் இன்னும் குடியிருந்தார்கள். முட்டையை எப்படி உடைப்பது, குடையை எந்தக் கையில் பிடிப்பது என்பதற்கெல்லாம் ஒரு துரை சாட்சி சொல்வார். அந்தத் துரைமாரில் ஒருவருடைய மனைவிக்கு, கல்யாணத்துக்கு முன்னால், அவளுடைய தகப்பன் எல்லாப் பல்லையும் எடுத்துவிட்டுப் புதுசாகச் செட்டு கட்டிக் கொடுத்தாராம். சீதனம் மாதிரி. பிற்பாடு புருஷனுக்குப் பல்வலிச் செலவும் இல்லை, தொல்லையும் இல்லை. அந்தத் துரைசாணி சிரித்தால் ஒரு வரிசையாக, வெள்ளை வெளேரென்று இருக்குமாம். நாகரிகம் என்றால் அதுதான் என்று வாலிப வயதிலேயே அப்பா முடிவு கட்டிவிட்டார். கூத்து என்னவென்றால், அவர் தன் பல் ஒன்றையும் எடுத்துக்கொள்ளவில்லை. ஆட்டெலும்பை உடைத்து உறிஞ்சுகிற பல் அவருக்கு.

என்னைவிட ஏழு வயது மூத்தவள் அக்கா. இருபத்திரண்டில் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமான உடனே, அப்பாவின் யாழ்ப்பாணச் சங்கத்துச் சிநேகிதர் ஒருவர், பல் டாக்டர், அவளுக்கு மேலும் கீழும் எல்லாவற்றையும் எடுத்துச் செட்டு போட்டுவிட்டார். எனக்கு அப்போது பதினைந்து. அக்கா சம்மதித்துத்தான் செய்துகொண்டாள் என்று வீட்டில் சொன்னார்கள், நானும் நம்பினேன். அதற்குப் பிறகு அக்கா சிரித்தால் கை தானாக வாய்க்குப் போகும். ஆப்பிளைக் கடிக்க மாட்டாள், கத்தியால் சீவித்தான் தின்பாள். இருட்டில்தான் செட்டைக் கழற்றுவாள், விடிவதற்கு முன்னால் மாட்டிவிடுவாள். அத்தான் ஒரு நாளும் அவளை அது இல்லாமல் பார்த்தது கிடையாது. இதையெல்லாம் அவள் எனக்கு ஒரே ஒரு தடவைதான் சொன்னாள், சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டாள்.

என் முறை வந்தது. எனக்கும் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். அந்தச் சமயம் பார்த்து இடது பக்கக் கீழ்க் கடைவாய் வீங்கிக்கொண்டது. ஈறு சிவந்து, வாய்க்குள் ஒரு நாற்றக் கசப்பு. வாயைத் திறந்தால் ஒரு ஸ்பூன்கூடப் போகவில்லை. அப்பா என்னை அதே சிநேகிதரிடம் கூட்டிப் போனார். சின்ன வயதிலிருந்து நான் அவரை அங்கிள் என்றுதான் கூப்பிடுவேன். எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கடைசியில் முளைக்க வேண்டிய ஞானப்பல் நேராக நிற்காமல் எலும்புக்குள் படுத்துக்கொண்டு, பக்கத்துப் பல்லை முட்டிக்கொண்டிருந்தது.

"இதை இடுக்கி போட்டு இழுக்க ஏலாது, பிள்ளை. முரசைக் கீறி, கொஞ்சம் எலும்பைக் கடைஞ்சு, பல்லைத் துண்டாக்கித்தான் எடுக்கோணும். முதல்ல மருந்து குடி, வீக்கம் வத்தட்டும். பிறகு மயக்க மருந்து குடுத்துச் செய்வம். நித்திரை கொண்டு எழும்பினமாதிரி இருக்கும்" என்றார். ஈறைத்தான் அவர் முரசு என்றார்.

நல்ல பேச்சுத்தான். வீக்கம் வற்றின பிறகு இன்னொரு நாள் வரச் சொன்னார். அன்றைக்கு ஒரு உலோகத் தட்டில் எதையோ மாவுபோலக் குழைத்து, மேல் வரிசையிலும் கீழ் வரிசையிலும் அழுத்தி அச்சு எடுத்தார். குமட்டிக்கொண்டு வந்தது. "ஒரு பல் எடுக்க இதெல்லாமா, அங்கிள்?" என்று கேட்டேன். "எல்லாம் ஒரு முன்னேற்பாடுதான்" என்றார். அப்பா பக்கத்தில் நின்று ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

ஆபரேஷனுக்கு ஒரு சின்னத் தனியார் மருத்துவமனை. முந்தின ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். காலையில் அப்பாவும் அம்மாவும் கூட வந்தார்கள். தோடு, காப்பு எல்லாம் கழற்றி அம்மாவிடம் கொடுத்தேன். அவள் என் முகத்தைப் பார்க்காமலே வாங்கிக் கைக்குட்டையில் முடிந்தாள். முதுகுப் பக்கம் நாடா கட்டுகிற கவுனைப் போட்டுக்கொண்டு, ஒரு அறையில் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். வயதில் மூத்த ஒரு தமிழ் நர்ஸ் வந்து, ஒரு தட்டை மேசையில் வைத்துவிட்டு என் தலைமுடியைத் துணியால் கட்டினார்.

தட்டில் ஒரு கண்ணாடிப் போத்தல் இருந்தது. அதற்குள் தண்ணீர். தண்ணீருக்குள் ரோஸ் நிற ஈறோடு மேல் வரிசை, கீழ் வரிசை, முழுசாக ஒரு பல்செட்டு.

"இது யாரோடது, சிஸ்டர்?"

"உங்களோடதுதாம்மா. மயக்கம் தெளியுறதுக்குள்ள டாக்டர் மாட்டி விட்டுருவாரு. கண்ணாடியில பாத்தா வித்தியாசமே தெரியாது லா."

"எனக்கு எடுக்கப் போறது ஒரே ஒரு பல்லுதானே?"

நர்ஸின் கை என் தலையிலேயே நின்றுவிட்டது. "அப்படின்னா உங்களுக்குச் சொல்லலையா?" என்றார்.

கோபம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. கட்டிலை விட்டு இறங்கினேன். ஒரு கையால் கவுனின் பின்பக்கத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன், இன்னொரு கையில் போத்தலை எடுத்துக்கொண்டேன். வெறுங்காலோடு வெளியே வராந்தாவுக்கு வந்தேன். அங்கே பெஞ்சில் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்துப் பெஞ்சில் யார் யாரோ காத்திருந்தார்கள். இருக்கட்டும், எல்லாரும் கேட்கட்டும் என்று தோன்றியது.

"இது என்னப்பா?"

"ஏன் எழும்பி வந்தனீ? உள்ளுக்குப் போ."

"இது என்னன்னு கேட்டேன்."

அவர் பேப்பரை மடித்தார். "உன்ர நன்மைக்குத்தான். கலியாணம் முடிச்சுப் போன இடத்தில பல்லுக்கொதி, பல்லுநோ எண்டு நிண்டா ஆருக்கு வெக்கம்? ஒரேயடியாச் செய்து விட்டாத் தொல்லை இல்லை. கொக்காவுக்கும் அப்பிடித்தானே செய்தது. அவள் ஒரு வார்த்தை சொன்னவளே?"

"அக்கா சொல்லல. நான் சொல்றேன். என் வாய்ல கைவைக்க உங்களை யாரு கேட்டா?"

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். நான் உதறினேன். அதற்குள் சத்தம் கேட்டு டாக்டரும் வந்துவிட்டார், பின்னால் அந்த நர்ஸ்.

"என்ன பிள்ளை, பயந்திட்டியோ?"

அங்கிள் என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. "டாக்டர், எனக்கு மயக்க மருந்து வேணாம். மரத்துப்போற ஊசி மட்டும் போடுங்க. கெட்டுப்போனது ஒண்ணே ஒண்ணு. அதை மட்டும் எடுங்க. நான் முழிச்சுத்தான் இருப்பேன்."

"எலும்பு கடையிற சத்தம் உன்ர காதுக்குள்ளேயே கேக்கும். தாங்கமாட்டாய். பயந்து போவாய்."

"மயங்கிக் கெடக்கத்தான் எனக்குப் பயமா இருக்கு."

"விசரி!" என்றார் அப்பா. "நீங்கள் இவளின்ர கதையை விட்டிட்டுச் செய்யுங்கோ."

டாக்டர் அப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெஞ்சில் காது தீட்டிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தார். அப்போது நர்ஸ் சொன்னார், "பேஷண்ட் வேணாம்னு சொல்றாங்க, டாக்டர். மயக்க மருந்து குடுக்கிற டாக்டர்கிட்ட நான் போய்ச் சொல்லிடறேன்." பதிலுக்குக் காத்திருக்காமல் நடந்துவிட்டார். அப்பா எழுந்து, குடையை எடுத்துக்கொண்டு, வாசலைத் தாண்டிப் போய்விட்டார். நான் போத்தலை யாரிடமும் கொடுக்காமல் உள்ளே கொண்டுபோய், என் கண்ணில் படுகிற இடத்தில் வைத்தேன்.

இனி நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். கடைவாய் ஆபரேஷன் என்றால் செத்துப் பிழைப்பது என்று ஊரில் பயமுறுத்துகிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. முதல் ஊசி தாடையின் உள்பக்கம், தொண்டைக்குக் கிட்டே. கண்ணில் தண்ணீர் வந்தது. கொஞ்ச நேரத்தில் இடது பக்க உதடு குறுகுறுத்து, தடித்து, என்னுடையதே இல்லை என்பதுபோல் ஆயிற்று. நாக்கிலும் பாதி மரத்தது. டாக்டர் கூரான எதையோ வைத்துக் குத்திப் பார்த்தார், தெரியவில்லை. வலித்தால் இடது கையைத் தூக்கு என்றார். கத்தி வைத்ததே எனக்குத் தெரியாது. அப்புறம் கடைகிற கருவி. ஐயோ, அந்தச் சத்தம்! மண்டைக்குள் ரோடு போடுகிறார்கள் போலிருந்தது. தண்ணீரைப் பீய்ச்சப் பீய்ச்ச, நர்ஸ் குழாயால் உறிஞ்சிக்கொண்டே இருந்தார். ஒரு இடத்தில் சுரீரென்றது. கையைத் தூக்கினேன். உடனே நிறுத்தி இன்னொரு ஊசி போட்டார். அவ்வளவுதான் வலி.

வலி இல்லை, ஆனால் அழுத்தம் உண்டு. தாடையையே பெயர்க்கிறார் என்று தோன்றும். படக்கென்று ஒரு சத்தம், பல் துண்டானது. ஒரு துண்டு, இன்னொரு துண்டு, தட்டில் விழுகிற ஓசை கேட்டது. நான் கண்ணை மூடவே இல்லை. அவர் கை என் வாய்க்குள் போகும்போதெல்லாம் எந்தப் பல்லில் படுகிறது என்று நாக்கின் மரக்காத பாதியால் தடவிக் காவல் காத்தேன். அவர் கெட்டிக்காரர், அதைச் சொல்லத்தான் வேண்டும். பதற்றமில்லாத கை. தெரிந்த கையாக இருந்ததுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். கறுப்புப் பட்டு நூலால் தைத்து, பஞ்சுத்துணியை மடித்து வைத்துக் கடிக்கச் சொன்னார். கடித்தேன்.

துப்பக் கூடாது, ஸ்ட்ராவில் உறிஞ்சக் கூடாது, இன்றைக்கு வாய் கொப்பளிக்கக் கூடாது, நாளையிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் என்று நர்ஸ் சொன்னார். நான் போத்தலைக் காட்டினேன். வாயில் துணி, பேச முடியாது. அவர் புரிந்துகொண்டு, மூடியை இறுக்கி, பழைய பேப்பரில் சுற்றி என் மடியில் வைத்தார். டாக்சியில் அம்மா வழியெல்லாம் அழுதாள். அவளுக்கு முன்பே தெரியும் என்று அந்த அழுகையிலேயே எனக்கு விளங்கிவிட்டது. அவள் மேல் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஹாலில் இருந்த கண்ணாடி அலமாரியைத் திறந்தேன். அதில் அப்பாவின் ரயில்வே பிரிவுபசாரக் கடிகாரம் உட்கார்ந்திருக்கும். அதற்குப் பக்கத்தில் போத்தலை வைத்தேன். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாரும் பார்க்கட்டும். அம்மா எடுத்து ஒளித்தாள். தேடி எடுத்து மறுபடி வைத்தேன். இரண்டு மூன்று தடவை இப்படி நடந்த பிறகு அவள் கைவிட்டுவிட்டாள்.

மறுநாளைவிட அதற்கு மறுநாள்தான் வீக்கம் உச்சம். கன்னம் காதுவரைக்கும் உப்பி, கழுத்தில் நீலமாகக் கன்றி, பிறகு பச்சையாகி, மஞ்சளாகி இறங்கியது. வாயை ஒரு விரலுக்கு மேல் திறக்க முடியவில்லை. ஆறிய கஞ்சி, மசித்த பூசணிக்காய், அதுதான் ஆகாரம். பார்க்க வந்தவர்கள் "பேசாம அப்பா சொன்னதைக் கேட்டிருக்கலாமே" என்றார்கள். ஒரு பல்லுக்கே இப்படி வீங்கினால், எல்லாப் பல்லுக்கும் எப்படி வீங்கியிருக்கும் என்று திருப்பிக் கேட்க வாய் திறக்கவில்லை. பேனாவால் எழுதிக் காட்டினேன். உதட்டு ஓரத்தில் ஒரு மரமரப்பு பல வாரம் இருந்துவிட்டுத் தானாகவே போயிற்று.

அப்பா என்னோடு பேசவில்லை. நானும் பேசவில்லை. ஒரு வாரம் கழித்துத் தையல் பிரிக்கத் தனியாகவே போனேன். நூலை வெட்டி இழுத்தபோது சுள்ளென்றது, அதோடு சரி. டாக்டர் கேட்டார், "எப்பிடி இருக்கு, பிள்ளை?" "என் பல்லெல்லாம் நல்லா இருக்கு, டாக்டர்" என்றேன். அவர் கை கழுவப் போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்காவும் அத்தானும் தைப்பிங்கிலிருந்து ரயிலில் வந்து, பட்டர்வொர்த்தில் பெர்ரி பிடித்து வீட்டுக்கு வந்தார்கள். அக்கா உள்ளே நுழைந்ததும் அலமாரியைப் பார்த்தாள். அப்படியே நின்றுவிட்டாள். கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. அப்புறம் என்னிடம் வந்து, "வாயைத் தொற" என்றாள். வீக்கம் வற்றியிருந்தது, ஓரளவு திறக்க முடிந்தது. விளக்கடியில் இழுத்துக்கொண்டு போய் வைத்து, மேலும் கீழும் பார்த்தாள். "நீ முழிச்சுக்கிட்டே இருந்தியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

மத்தியானம் ஆட்டிறைச்சிக் கறி. அம்மா எலும்புத் துண்டுகளாகப் பொறுக்கி அப்பாவுக்கு வைத்தாள், அது அவருடைய உரிமை. அவர் ஒன்றை எடுத்துக் கடித்து, உறிஞ்சிவிட்டு, அத்தானைப் பார்த்துப் பேசினார். நான் அங்கே இல்லை என்பதுபோல.

"ஈப்போவில ஒரு டொக்டரோட கதைச்சிருக்கிறன். கலியாணத்துக்கு இன்னும் நாள் கிடக்கு. இந்தமுறை ஒரு குழப்பமும் இல்லாமல் செய்விக்கோணும். மூத்தவள் எவ்வளவு அமைதியாச் செய்துகொண்டாள். இவளால என்ர சிநேகிதனுக்கு முன்னால எனக்குத் தலைகுனிவு."

கையை உதறிவிட்டு எழப் போனேன். அக்கா என் தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

பிறகு அவள் இடது கையை வாய்க்குக் கொண்டுபோனாள். சிரிப்பை மறைக்கிற அந்தப் பழக்கம் என்றுதான் நினைத்தேன். இல்லை. மேல் செட்டைக் கழற்றினாள். கீழ்ச் செட்டைக் கழற்றினாள். இரண்டையும் அப்பாவின் தட்டுக்குப் பக்கத்தில், கறிக் கிண்ணத்தை நகர்த்தி இடம் பண்ணி, வைத்தாள். அவள் கன்னம் உள்ளே ஒடுங்கி, வாய் சுருங்கிவிட்டது. முப்பத்தொரு வயதுக்காரி அம்மாவைவிடக் கிழவியாக உட்கார்ந்திருந்தாள்.

"நல்லாப் பாருங்கப்பா" என்றாள். பேச்சு குழறிற்று, ஆனால் ஒரு சொல்கூட எங்களுக்குத் தப்பவில்லை. "நான் ஒண்ணும் சொல்லலன்னு எல்லார்கிட்டயும் சொல்றீங்க. என்கிட்ட யாரு கேட்டா? ஒரு சொத்தைப் பல்லு, மயக்க மருந்து குடுத்து எடுத்துடலாம்னுதானே கூட்டிட்டுப் போனீங்க? எழுந்திருச்சப்ப வாய்க்குள்ள என்ன இருக்குன்னே எனக்குத் தெரியல. அதுக்கப்புறம் சொல்லி என்ன ஆகப் போகுது?"

அக்கா அப்பாவின் தட்டிலிருந்த இன்னொரு எலும்பை அவர் பக்கம் தள்ளினாள்.

"கடிங்கப்பா. உங்களுக்கு அறுபது வயசு, எல்லாப் பல்லும் இருக்கு. கடிங்க. நாங்க பாக்குறோம்."

அப்பா அந்த எலும்பைத் தொடவில்லை. அக்காவின் முகத்தையும் பார்க்கவில்லை, மேசையில் இருந்த செட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தான் மட்டும் அக்காவைப் பார்த்தார். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக அந்த முகத்தைப் பார்க்கிறார், கண்ணைத் திருப்பவில்லை. கிண்ணத்திலிருந்து மெத்தென்ற ஒரு துண்டை எடுத்து, நாராகப் பிய்த்து, அவள் சோற்றில் வைத்தார். அவள் வாயைக் கையால் மறைக்காமல் அதை மென்று தின்றாள். ஈப்போப் பேச்சு அன்றோடு நின்றது.

அந்த எலும்பு மட்டும் தட்டின் ஓரத்தில் கிடந்தது. நான் கையை நீட்டி எடுத்தேன். தையல் பிரித்த இடம் இன்னும் ரணம், வலது பக்கம் ஒதுக்கிக்கொண்டேன். தாடை விண்ணென்று தெறித்தது. தெறிக்கட்டும். அப்பாவுக்குக் கேட்கும்படி சத்தமாகக் கடித்தேன்.